விண்ணப்பதாரரின் அம்மா

"முப்பத்தொன்று, முப்பத்திரண்டு" என்று நான் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வித்யாவின் தாடை இரும்புக் குழாய்க்கு மேலே இருந்தது, கால்கள் அந்தரத்தில். கடற்படை அதிகாரியாக விண்ணப்பிப்பது ஒருவர்தான், தேர்வு எழுதுவது வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். முப்பத்தாறில் அவள் கை நழுவி விழுந்தாள். விழும் இடத்தில் என் கணவர் பழைய மெத்தையை முன்பே போட்டிருந்தார்.

இது தொண்ணூறுகளின் நடுவில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில். வித்யா எங்கள் ஒரே பெண். பதினேழு வயது, ஹைஸ்கூல் கடைசி வருடம். கடற்படை அகாடமியில் நான்கு வருடம் படித்து அதிகாரியாக வெளியே வருவது என்று அவளே முடிவு செய்து, எங்களுக்குத் தகவல் சொன்னாள். மதிப்பெண் வேண்டும், உடல்தகுதித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, வீட்டுக்கே வந்து ஒரு நேர்முகம், அதற்கு மேல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் எங்கள் தொகுதி உறுப்பினரின் சிபாரிசு. ஒன்றில் தவறினாலும் எல்லாம் போச்சு. உங்கள் வீட்டில் மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் பிள்ளை இருந்தால் பாதி அவஸ்தை உங்களுக்கே தெரியும். மீதிப் பாதிக்கு ஒரு கூடைப்பந்தும், திறந்த கராஜும் வேண்டும்.

கராஜ் திறந்திருந்ததால் எதிர் வீட்டுப் பெரியவர் தினமும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் தொங்குகிறாள், அம்மா பக்கத்தில் நின்று எண்ணுகிறாள், அப்பா குறித்துக்கொள்கிறார். பத்தாம் நாள் தெருவைக் கடந்து வந்து கேட்டார்: "நான் யாருக்காவது போன் செய்யணுமா, இல்லை இது அவளுக்குப் பிடிச்சுத்தான் நடக்குதா?"

வேண்டுதல்

உடல்தகுதித் தேர்வில் ஒன்று, இரண்டு முட்டியையும் தரையில் ஊன்றிக்கொண்டு ஒரே கையால் கூடைப்பந்தை எவ்வளவு தூரம் எறிய முடியும் என்பது. கப்பலில் யார் முட்டி போட்டுப் பந்து எறிவார்கள் என்று கேட்டேன். எங்கள் கொல்லைப்புறம் போதாததால், ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கும் பள்ளியின் பார்க்கிங்கில் பயிற்சி. என் கணவர் குழாய்ப் பாதை வடிவமைக்கும் இன்ஜினியர். அளவு நாடா, சாக்பீஸ், எறியும் கோணம் பார்க்க நாற்பத்தைந்து டிகிரிக்கு வெட்டிய ஓர் அட்டை எல்லாம் கொண்டுவந்தார். வித்யா அட்டையை மட்டும் வாங்கிக் காருக்குள் வைத்துவிட்டாள்.

அவள் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, முட்டி போட்டபடி தயாராகும் நேரத்தில் என் தோழி லலிதா தன் பையனை வகுப்பில் விட வந்தாள். என்னைத் தனியாக அழைத்து, "வேண்டுதலா? எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் நாடாவைப் பார்த்தபடியே "நாற்பது அடி" என்றார். லலிதா வித்யாவின் சிராய்த்த முட்டியையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நாற்பது அடியும் முட்டி போட்டேவா? பாவம்டி குழந்தை, எலுமிச்சம்பழ விளக்கு ஏதாவதா மாத்திக்கக் கூடாதா?"

பாதி

நம் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பண்டம் சமைத்துக் கொண்டுவந்து கூடும் பாட்லக்கில் சாம்பாருக்கு முன்னால் கல்லூரிதான் பரிமாறப்படும். "வித்யா எங்கெல்லாம் அப்ளை பண்றா?" என்று கேட்டார்கள். "கிழக்குப் பக்கம் ஒரு காலேஜ், இன்ஜினியரிங்" என்றேன். பொய் இல்லை. அகாடமியில் இன்ஜினியரிங் பட்டம்தான் கொடுக்கிறார்கள். பட்டத்தோடு சீருடையும் உண்டு என்பதை மட்டும் விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்: ஏன், மார்க் வரலையா?

வித்யா பின்னால் தட்டோடு நின்றிருந்தது எனக்குத் தெரியாது. திரும்பும் வழியில் கார் ஃப்ரீவேயை விட்டு இறங்கும்போது சொன்னாள். அவள் பேசுவதெல்லாம் ஆங்கிலம்தான், எனக்குக் காதில் விழும் தமிழில் எழுதுகிறேன்: "அம்மா, முழுசா சொல்லு, இல்லேன்னா சொல்லாதே. பாதி சொல்றதுதான் எனக்குப் பிடிக்கலை."

வடையும் கமாண்டரும்

வீட்டுக்கு வந்து நேர்முகம் எடுத்தவர் ஓய்வுபெற்ற கமாண்டர். இப்போது ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு மணி நேரம், தண்ணீர் மட்டும் போதும் என்று முன்பே போனில் சொல்லியிருந்தார். தண்ணீர் மட்டும் போதும் என்று நம் வீட்டில் யார் சொன்னாலும் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. இட்லி, மெதுவடை, இரண்டு சட்னி, கேசரி. அவர் மூன்றாவது வடையை எடுத்தபோது நாம் தேறிவிட்டோம் என்று நான் கணக்குப் போட்டேன்.

கேள்வி ஆரம்பித்தது. ஏன் கடற்படை? என் கணவர் விளக்கினார். தலைமைப் பண்பை எங்கே காட்டினாய்? என் கணவர் இரண்டு உதாரணம் சொன்னார். குழுவில் கருத்து வேறுபாடு வந்தால்? என் கணவர் தன் அலுவலகத்திலிருந்து ஒரு சம்பவத்தையே எடுத்து வைத்தார். வித்யா கைகளை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். கமாண்டர் பேனாவை மூடி, விரலைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாகச் சொன்னார்: "சார், உங்களை நான் தேர்வு பண்ணிட்டேன். இனிமே உங்க பொண்ணுகிட்ட பேசலாமா?"

கட்டுரை

அதன் பிறகு அவள்தான் பேசினாள். வாழ்க்கையில் நீ தாண்டிவந்த மிகப் பெரிய தடை எது என்று அவர் கேட்டார். விண்ணப்பக் கட்டுரையிலும் அதே கேள்வி இருந்தது, அவள் எழுதியும் அனுப்பிவிட்டாள். சின்ன வயதில் எனக்கு வீசிங் இருந்தது, என்று சொல்லத் தொடங்கினாள். ஆறாம் வகுப்பு வரை வெளியே விளையாட முடியாது. மற்றவர்கள் மைதானத்தில் இருக்கும்போது லைப்ரரியில் உட்கார்ந்திருப்பேன். பதிமூன்று வயதில் போதும் என்று நானே நீச்சல் குழுவில் பெயர் கொடுத்தேன். முதல் வாரம் பயத்தில் கரையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இன்று இரண்டு மைல் நிறுத்தாமல் நீந்துவேன்.

நான் சமையலறையில் கேசரிக் கிண்ணத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெண் பேசும் அழகில் நெஞ்சு நிறைந்திருக்கவேண்டும். நிறைந்துதான் இருந்தது, அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. வித்யாவுக்கு வீசிங் ஒரு நாளும் இருந்ததில்லை. டெக்சாஸ் வெயிலில் கறுத்துவிடுவாள் என்று, இரண்டாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கு நான் சீட்டு எழுதிக் கொடுத்தேன். 'மூச்சிரைப்பு உண்டு, வெளி விளையாட்டிலிருந்தும் நீச்சலிலிருந்தும் விலக்கு அளிக்கவும்.' குழந்தை ஏன் என்று கேட்டபோது அவளிடமும் அதையே சொன்னேன். கேட்ட பொய்யை அவள் நம்பினாள், நம்பியதோடு நிற்காமல் அதைத் தோற்கடிக்கவும் செய்தாள்.

வாசலில் விடைபெறும்போது கமாண்டர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்த மூச்சுக் கதையை எங்கேயும் விடாமச் சொல்லச் சொல்லுங்க. அதுதான் அவளை உள்ளே கொண்டுபோகும்."

ஒரு டிக்

மருத்துவப் படிவத்தில் பல பக்கம் கேள்விகள், எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று கட்டங்கள். வித்யா தானே நிரப்பினாள். கண் சரி, காது சரி, எலும்பு சரி. ஆஸ்துமா அல்லது வீசிங் எப்போதாவது இருந்ததுண்டா என்ற இடத்தில் ஆம். கேட்டால் உண்மையைச் சொல்லும் பெண். உண்மை என்று நான் எதைக் கொடுத்திருந்தேனோ அதைச் சொன்னாள். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. சுவாச நோய் வரலாறு காரணமாகத் தகுதி இல்லை. மறுபரிசீலனை வேண்டுமானால் கூடுதல் ஆவணங்கள் அனுப்பலாம்.

அவள் நின்றபடியே படித்தாள். மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். நீச்சல் பையை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனாள். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது நான் சொன்னேன். சீட்டு, வெயில், நிறம், எல்லாம். நான் மருத்துவமனை லேபில் ரத்தப் பரிசோதனை செய்பவள். இல்லாத ஒன்றை ரிப்போர்ட்டில் எழுதினால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று எனக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லித்தருபவள். அதையும் சொன்னேன்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதத்தை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். அப்புறம் தட்டைப் பார்த்துக் கேட்டாள்: "அப்போ நான் எதைத்தான் ஜெயிச்சேன்?"

கடிதம்

மறுபரிசீலனைக்கு இரண்டு தேவைப்பட்டது: நுரையீரல் பரிசோதனை, பெற்றோரின் விளக்கக் கடிதம். சனிக்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். நான் சொல்ல, அவள் தட்டச்சு செய்ய. 'குழந்தையின் உடல்நலம் குறித்த மிகையான அக்கறையால்' என்று ஆரம்பித்தேன். அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இப்படிக் கையை எடுப்பது எங்கள் வீட்டில் அப்போது பழகிப்போன ஒரு பாஷை. நான் மாற்றினேன். 'என் மகளுக்கு மூச்சிரைப்பு இருந்ததில்லை. வெயிலில் அவள் நிறம் கறுத்துவிடும் என்பதால் அப்படி எழுதினேன். அவளிடமும் மறைத்தேன்.'

"கறுத்தா என்ன, அம்மா?" என்றாள் தட்டச்சு செய்துகொண்டே. உடுமலையில் என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டுக்காரர்கள் ஏன் பதில் சொல்லாமல் திரும்பிப் போனார்கள் என்பதைச் சொன்னேன். அதுவரை அவளிடம் சொன்னதில்லை. "இதையும் எழுதவா?" என்றாள். வேண்டாம் என்றேன். "சரி, அது உன்னோடது" என்றாள்.

கடிதம் பிரிண்டரிலிருந்து வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்து அறையில் செய்தித்தாளோடு இருந்த என் கணவர் எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது: "அஞ்சு வருஷம் நானும்தான் பார்த்துட்டுச் சும்மா இருந்தேன். எனக்கு எங்க இடம் விட்டிருக்கீங்க?"

ஊது

நுரையீரல் பரிசோதனையில் மூக்கில் ஒரு கிளிப் மாட்டி, குழாயை வாயில் வைத்து, இருக்கும் மூச்சையெல்லாம் ஒரே ஊதாக ஊதவேண்டும். நான் வேலை செய்யும் இடத்தில் வேண்டாம் என்று வேறு மருத்துவமனைக்குப் போனோம். டெக்னீஷியன் ஒரு பெரிய மனுஷி, சத்தமாக "இன்னும், இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திரையில் கோடு ஏறியது. வழக்கமாக எங்கே வளைந்து இறங்குமோ அங்கே இறங்காமல் மேலே போனது. சொல்லிக்கொண்டிருந்த டெக்னீஷியனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

மருந்தை உள்ளிழுக்கவைத்து மூச்சுக்குழல் சுருங்குகிறதா என்றும் பார்த்தார்கள். சுருங்கவில்லை. டெக்னீஷியன் காகிதத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தாள். தொழில் தெரிந்தவள் என்பதால் எண்கள் எனக்குப் புரிந்தன. ஒரு முறை படித்துவிட்டு இன்னொரு முறையும் படித்தேன், ருசிக்காக. அவள் கிளிப்பைக் கழற்றிக்கொண்டே வித்யாவைக் கேட்டாள்: "இந்த நுரையீரலை வெச்சுக்கிட்டு இங்க எதுக்கும்மா வந்தே, பலூன் கடைக்குப் போயிருக்கலாமே?"

ஐந்து நாற்காலிகள்

மருத்துவத் தகுதி திரும்பக் கிடைத்தது. ஆனால் கட்டுரை காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. சிபாரிசுக்கான நேர்முகத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஐந்து பேர் கையிலும் அந்தக் கட்டுரை இருக்கும். அவர்கள் கேட்காவிட்டால் நீ சொல்லாதே என்றேன். எனக்கே கேட்க நன்றாக இல்லை. என் கணவர் இம்முறை வாயையே திறக்கவில்லை. வித்யா எங்கள் கடிதத்தின் பிரதி ஒன்றை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

பெற்றோர் தாழ்வாரத்தில் காத்திருக்கவேண்டும். கோட், டை கட்டிய பையன்கள் வரிசையாக உள்ளே போய் வந்தார்கள். வித்யாவுக்கு இருபது நிமிடம் என்றார்கள், முப்பத்தைந்து ஆனது. உள்ளே நடந்ததைப் பிறகு அவள் சொன்னாள். அவர்கள் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தாளாம். என் கட்டுரையில் ஒரு தவறு இருக்கிறது, எழுதும்போது எனக்கே தெரியாது, மூன்று வாரம் முன்புதான் தெரிந்தது என்று. கடிதத்தை மேஜைமேல் வைத்தாளாம். ஒருவர் கேட்டாராம், அப்படியானால் நீ தாண்டிய தடைதான் எது? இல்லாத நோய்க்குப் பயந்து கரையைப் பிடித்துக்கொண்டிருந்தது நிஜம், கரையை விட்டதும் நிஜம், அதற்கு மேல் எனக்குப் பெயர் தெரியவில்லை என்றாளாம்.

அவள் வெளியே வந்ததும் பின்னாலேயே குழுவில் இருந்த ஒரு வெள்ளை முடிக்கார அம்மாள் வந்தார். முன்பு ராணுவத்தில் நர்ஸாக இருந்தவராம். நேரே என்னிடம் வந்து கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் எழுந்து நின்றேன். "இந்த வேலையில் பெற்றோர் எழுதின கடிதங்கள் எத்தனையோ படிச்சிருக்கேன், எல்லாம் பிள்ளைங்களைப் பத்தித்தான்" என்றார். "தன்னைப் பத்தி எழுதினவங்களை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

உறை

உறை ஒரு வசந்தகால மதியம் வந்தது. தடிமனாக இருந்தால் நல்ல செய்தி, மெல்லியதாக இருந்தால் வருத்தம் என்று பிள்ளைகள் வைத்திருக்கும் கணக்கு எனக்குத் தெரியும். இது தடிமனாகத்தான் இருந்தது. ஆனாலும் நம்மைப் போன்றவர்கள் அரசாங்க உறையின் கனத்தை நம்புவதில்லை. பெயர் அவளுடையது என்பதால் பிரிக்கவில்லை. காரில் முன் சீட்டில் வைத்து நீச்சல் குளத்துக்கு ஓட்டினேன்.

அவள் நான்காவது தடத்தில் போய் வந்துகொண்டிருந்தாள். கோச் என்னைப் பார்த்துவிட்டு, குளத்தை இன்னும் பன்னிரண்டு நீளம் நீந்தவேண்டும் என்று விரலால் காட்டினார். உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் உங்கள் பெண் எது என்று கேட்டாள், காட்டினேன். எங்கே சேரப்போகிறாள் என்று கேட்டாள். "கடற்படைக்கு. அதிகாரியாக. கிடைத்ததா இல்லையா என்று இந்த உறையில் இருக்கிறது" என்றேன். அவள் உறையையும் என்னையும் பார்த்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தாள்.

நான்கு நீளம் முடித்ததும் வித்யா என்னைப் பார்த்துவிட்டுக் கரையேறி வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரக் கையாலேயே கிழித்தாள். முதல் வரியைப் படித்தாள், அதையே இன்னொரு தடவை படித்தாள், என் கையில் கொடுத்தாள். "கிடைச்சிருச்சு" என்றாள், தமிழில். நான் அவள் ஈரத் தோளைப் பிடித்தேன். வெயிலில் நன்றாகக் கறுத்து, கயிறு முறுக்கியது போல் இறுகிய தோள். இப்படி ஒரு தோளை எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் யாருக்கும் நான் பார்த்ததில்லை. அப்புறம் அவள் சொன்னாள்: "இன்னும் எட்டு நீளம் பாக்கி இருக்கும்மா."

அந்தப் பத்து மாதத்தில் ஓர் அதிகாரிக்கு வேண்டிய அத்தனை தேர்விலும் அவள் தேறினாள். நான் தேறியது ஒன்றே ஒன்றில், அதுவும் மறுதேர்வில்.

அவள் தண்ணீருக்குள் போனாள். நான் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். யாருடைய குழந்தையோ விட்டுப்போன ஈரத் துண்டு ஒன்று பெஞ்சுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. எடுத்து, உதறி, வேலிக் கம்பியில் விரித்துப் போட்டேன்.